நர்த்தகி குகையும் மறு உத்தரவும்

டெல்லி கிட்வாய் நகர் கஸ்தூரிரங்கன், குகை மற்றும் சுரங்கப் பராமரிப்பு இலாகாவில் குகைப் பிரிவின் செக்‌ஷன் ஆபீசர். பத்தொன்பது வருஷ சர்வீஸில் அவர் குகை எதையும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று விதியும் இல்லை.

1981-ல் பார்க்க நேர்ந்ததற்கு அவர் மனைவி வத்சலாதான் காரணம். லீவு கிடைத்த காலனிக்காரர்கள் எல்லாரும் அப்போது மத்தியப் பிரதேசத்து நர்த்தகி குகைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். "சுவர்ல ஒரு நர்த்தகி படம் இருக்கே, அவ கண்ணு நாம நகர்ந்தா கூடவே வரும்டீ" என்று எதிர் வீட்டு மீனாக்ஷி மாமி சந்திக்கும்போதெல்லாம் சொன்னாள். குகைப் பிரிவு அதிகாரியின் மனைவியே இன்னும் பார்க்கவில்லை. அவமானம்தானே!

இரண்டு நாள் பஸ் பயணம். புளியோதரை ஆக்ராவிலேயே தீர்ந்தது. வத்சலாவுக்கு இடுப்பு கழன்றுபோயிற்று. குகை வாசலில் இரும்புக் கதவு, அதில் பூட்டு, பக்கத்தில் காவலுக்கு ஒரு சௌக்கிதார்.

"பந்த் ஹை, சாப். ஏழு வருஷமாக மூடியிருக்கிறது. டெல்லி உத்தரவு."

அந்த உத்தரவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். 'பார்வையாளர்களின் மூச்சுக்காற்று ஓவியத்துக்கு ஊறு விளைவிப்பதாகத் தெரியவருவதால், மறு உத்தரவு வரை...'

"ஏன்னா, கீழே இருக்கறது உங்க கையெழுத்து!"

"தினம் நாப்பது போடறேன். எல்லாத்தையும் படிச்சுண்டிருந்தா எப்போ போடறது?" என்ற கஸ்தூரிரங்கன், சௌக்கிதாரிடம் திரும்பினார். "நான்தான் அந்த அதிகாரி. திற."

"ரொம்ப சந்தோஷம், சாப். மறு உத்தரவு?"

"நானே நேர்ல சொல்றேனே!"

"நேரில் சொன்னால் எப்படி? தபாலில் வரவேண்டும்."

கஸ்தூரிரங்கனுக்குப் புல்லரித்தது. "பாத்தியா வத்சலா, என்ன ஒழுங்கு!"

வத்சலா அழுதேவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சௌக்கிதாரைக் கேட்டாள். "டெல்லிக்காராள்லாம் பாத்துட்டு வந்தாளே, எப்படி?"

"யாரும் பார்க்கவில்லை, மேம்சாப். இங்கே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்."

வத்சலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு கதவருகே நின்றாள். "ம், எடுங்கோ."

"கொஞ்சம் இடது பக்கம்" என்றான் சௌக்கிதார். "பூட்டு தெரிகிறது."

திரும்பிய மறுநாளே மீனாக்ஷி மாமி வந்துவிட்டாள். "கண்ணு கூடவே வந்ததோ?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தது, மாமி."

மாமி ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தாள். "எங்களுக்கும் அப்படித்தான்" என்றாள்.

ஆபீசுக்குக் கிளம்பிய கணவரை வத்சலா வாசலில் மறித்தாள். "மறு உத்தரவு கிறு உத்தரவுன்னு போட்டுத் தொலைக்காதேங்கோ. எல்லாரும் உள்ளே போய்ப் பாத்துடுவா."

அன்று கஸ்தூரிரங்கன் நர்த்தகி குகைப் பைலை முதல்முறையாகப் படித்துவிட்டு, குறிப்பு எழுதினார்: 'குகையைக் கண்டு திரும்பியோர் அனைவரும் முழுத் திருப்தி தெரிவித்துள்ளனர். எனவே தற்போதைய நிலையே தொடரலாம்.'