சந்திரகிரிச் சாலையில் சிந்திய தேநீர்

லாரிகளின் ஊதொலிக்கு அஞ்சாதவரும், இருபதாண்டு ஊர்ந்த பைக்கை ஈந்து பெண்குதிரை பெற்ற பெருவள்ளலும், சந்திரகிரிக் கோட்டைச் சாலையின் தனிப்பெரும் பரிவீரருமான மாசிலாமணி வாழ்க! அன்னார் ஏந்திய கண்ணாடித் தம்ளரிலிருந்து தேநீர் மூன்றாம் முறையும் ஏன் சிந்திற்று என்பதுதான் அம்மாவீரருக்கு விளங்கவில்லை.

குற்றம் குதிரையுடையதன்று. நுனியோடு நுனி தொட வளைந்த காதுகளையுடைய அந்த மார்வாரிப் பேரழகி, ‘ரேவால்’ என்னும் நடைக்கென்றே பிறந்தவள். பிற குதிரைகள் ஓடுகையில் குறுக்கெதிர்க் கால்கள் இரண்டிரண்டாய் ஊன்றும். ஊன்றுந்தோறும் முதுகு எம்பும். ஏறியவர் எலும்புகளை எண்ணிக்கொள்ளலாம். ரேவாலிலோ குளம்புகள் ஒன்றன்பின் ஒன்றாய் நிலம் தொடும். பாரம் காலுக்குக் கால் கைமாறிக்கொண்டே இருப்பதால் முதுகு ஏரியில் போகும் ஓடம்போல் வழுக்கிச் செல்லும்.

“குலுங்கவே குலுங்காது! டீக்கடையிலருந்து கோட்ட வாசல் வரிக்கும் டீய கையில வச்சிக்கினு வரேன் பாரு!” என்று காலையில் அவர் முழங்கியிருந்தார்.

“சாயங்காலத்துக்குள்ள ஒரு தபாவாச்சும் சிந்தாம வந்துடு மாமா. இல்லன்னா குதிரய குடுத்துட்டு பைக்க வாங்கிக்கினு வந்துடணும்” என்று ஆணை பிறப்பித்திருந்தாள் மனைவி ஸ்வர்ணலதா.

நான்காம் படையெடுப்பு தொடங்கிற்று. யானைப்படையென மறித்த எருமைகளைப் பிளந்து, ஷேர் ஆட்டோத் தேர்களை ஒதுக்கி, தளும்பாத் தம்ளர் தாங்கிய தடக்கையோடு அவர் முன்னேற, விந்தியமென எழுந்தது வேகத்தடை. அங்கே குதிரை திடீரெனக் குலுங்கோட்டம் பிடிக்க, வெண்சட்டை மார்பில் விழுப்புண்ணெனப் படர்ந்தது தேநீர்.

வேகத்தடையருகே காவல் நின்ற ஸ்வர்ணலதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இன்னா மாமா, பைக்குல போற நெனப்பா? ஸ்பீடு பிரேக்கர் வந்தா இடுப்ப தூக்கிக்கினு, முட்டியால அத்த இறுக்குற! ஓடச் சொல்றன்னு நெனச்சிக்கினு அது ஓடுது!”

திகைத்தார் வீரர். முதுகெலும்பைக் காக்க மேடுதோறும் எழும்பிய இருபதாண்டுப் பழக்கம்! இரும்பு வண்டிக்கு அது ஒன்றுமில்லை. குதிரைக்கோ விலாவில் இறுகும் முட்டி ‘விரை’ என்னும் கட்டளை. பணிந்தவளையன்றோ பழித்தார்!

கதிரவன் கோட்டை மதிலில் சாய்ந்தான். விளிம்புவரை தேநீர் வார்த்து ஸ்வர்ணலதாவே நீட்ட, ஐந்தாம் முறை புறப்பட்டது பரி.

ஸ்பீடு பிரேக்கரில் மாசிலாமணி முட்டியைத் தளர்த்திச் சும்மா உட்கார்ந்திருந்தார், டீ சிந்தவில்லை.