சார்ஜன்ட்டை இழுத்துப்போன நாய்

"மனுஷங்களையே நடக்க வெச்சவன் நான். ஒரு நாயை நடக்க வெக்கத் தெரியாதா?" என்று கேட்டார் ஹமூங்கா.

காலைக் கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டார். அவர் எதைக் கேட்டாலும் உட்கார்ந்துகொண்டுதான் கேட்பார். போலீஸ் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அணிவகுப்புச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற சார்ஜன்ட். ஒரு காலத்தில் அவர் குரல் கொடுத்தால் மைதானமே இடது வலது போடும். ஓய்வுக்குப் பிறகும் குரல் அப்படியே இருந்தது. கால்கள்தான் நிரந்தர விடுப்பில் போய்விட்டன. தொப்பை மட்டும் பதவி உயர்வு வாங்கிக்கொண்டே இருந்தது. தினமும் வேகமாக நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "கார் வெச்சிருக்கிறவன் இந்தச் சோமா ஊர்த் தெருவுல நடந்து போனா, காரைப் பிடுங்கிட்டாங்கன்னு பேசுவாங்க" என்று பதில் சொல்லிவிட்டுக் காரிலேயே வீடு திரும்பியவர்.

நாயைக் கொண்டுவந்தவள் அவர் மனைவி சோல்வே. தங்கை வீட்டில் பிறந்த குட்டி. வளர்ந்து, கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதற்குத் தேலேலா என்று பெயர் வைத்தாள். அவர்கள் பேசும் தோங்கா மொழியில் 'கேளு' என்று அர்த்தம். முற்றத்தில் நின்று அவள் "தேலேலா" என்று கூப்பிட்டால் நாயும் திரும்பிப் பார்க்கும், ஹமூங்காவும் திரும்பிப் பார்ப்பார். வருவது நாய் மட்டும்தான்.

"இதை நீங்க வெளியே கூட்டிட்டுப் போக வேணாம், லுயாண்டோ அப்பா" என்றாள் சோல்வே, மகள் பெயரைச் சொல்லி. "முரட்டுக் குட்டி. உங்க வயசுக்குத் தாங்காது."

"என் வயசுக்கா?"

"சரி, உங்க மூச்சுக்கு."

ஹமூங்கா எழுந்துவிட்டார். கஞ்சியைக்கூட முடிக்கவில்லை. மாவட்ட விவசாயக் கண்காட்சியில் நாய்களுக்கு ஒழுங்கு நடைப் போட்டி உண்டு. அதில் தேலேலா முதல் பரிசு வாங்கும் என்று அன்றைக்கே கிளப்பில் போய்ச் சொன்னார். அணிவகுப்புக் குரலிலேயே சொன்னதால் பக்கத்துத் தெருவுக்கும் கேட்டது.

மறுநாள் காலை வாசல் கதவு திறந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. நாய் முன்னால் பறந்தது. கயிறு நடுவில் விறைத்தது. சார்ஜன்ட் பின்னால் வந்து சேர்ந்தார். "நில்" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு கட்டளை போட்டார். எதிரே சைக்கிளில் வந்தவன் நின்றான். தக்காளி விற்றுக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். நாய் நிற்கவில்லை.

தெருமுனையில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருக்கும் மைம்போ தலையைத் தூக்கினார். "சார்ஜன்ட், யாரு யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?"

"பயிற்சி நடக்குது."

"நடக்கலையே. ஓடுதே."

பதில் சொல்ல நினைத்தார் ஹமூங்கா. அதற்குள் அடுத்த தெரு வந்துவிட்டது.

அவர் விடவில்லை. விசில் ஊதிப் பார்த்தார். தெருவில் இருந்த மற்ற நாய்கள் எல்லாம் வந்தன. வேகவைத்த மாட்டிறைச்சியைச் சட்டைப்பையில் வைத்துப் பார்த்தார். இறைச்சியோடு பையும் போனது. மைம்போ புதுப் பை தைத்துக் கொடுத்தார். "பாக்கெட் கிழியாம இருக்கணும்னா சட்டையை நாய்க்கே போட்டு விடுங்க" என்று இலவசமாக ஒரு யோசனையும் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை நாய் அவரை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வேலியைப் பிய்த்துக்கொண்டு இழுத்துப்போனது. உள்ளே கல்யாணப் பெண்ணுக்கு விருந்து. பெண்கள் மட்டும் கூடி, மேளம் தட்டி ஆடி, புருஷனை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடம். ஆண் நிழல் விழக் கூடாது. கோழிச் சட்டி கவிழ்ந்தது. மேளம் நின்றது. கயிறு சுற்றிய கையோடு புழுதியில் கிடந்தவரைப் பெண்ணுக்குச் சுட்டிக்காட்டி, "நல்லாப் பாத்துக்கோம்மா" என்றாள் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள். "புருஷன் முடிவுல இப்படித்தான் இருக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் கயிற்றைத் தூக்கி எறிந்தார் ஹமூங்கா. "இதை உன் தங்கச்சிகிட்டயே கொடுத்துடு."

"கொடுத்துடலாம்" என்றாள் சோல்வே அமைதியாக. "நான் அப்பவே சொன்னேன். கிளப்புலயும் நானே சொல்லிடறேன், சார்ஜன்ட்டுக்கு முடியலையாம்னு."

மறுநாள் காலை கயிறு மறுபடி அவர் கையில் இருந்தது.

இப்படியே மழைக்காலம் போய்க் குளிர் வந்தது. இடுப்பில் நிற்க மறுத்த பேண்ட்டுகளை மைம்போ ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். நாய் மட்டும் முதல் நாள் இழுத்த மாதிரியே இழுத்தது.

கண்காட்சி நாள் வந்தது. கிளப் மொத்தமும் முன்வரிசையில். ஒலிபெருக்கி பெயரைச் சொன்னதும் ஹமூங்கா சீருடை மிடுக்கோடு களத்துக்குள் வந்தார். வந்த வேகத்திலேயே மறுபக்கம் வெளியே போனார். பன்றிப் பட்டி வரை போய்விட்டுத் திரும்பக் களத்துக்குள் இழுபட்டு வந்தார். "அந்த ஐயாவை யாராவது பிடிங்கப்பா" என்றார் நடுவர், ஒலிபெருக்கியிலேயே.

சோல்வே கூட்டத்திலிருந்து எழுந்தாள். இடுப்புத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கினாள். நாய் அவள் முழங்காலோடு ஒட்டிக்கொண்டது. அவள் நடந்தால் நடந்தது, நின்றால் உட்கார்ந்தது. கயிறு கடைசிவரை தொய்வாகவே தொங்கியது. முதல் பரிசு ரிப்பனை அதன் கழுத்தில் கட்டிய நடுவர், பயிற்சி கொடுத்தது யார் என்று கேட்டார்.

"எல்லாம் அவர்தான்" என்று புருஷனைக் காட்டினாள் சோல்வே. கிளப் மொத்தமும் எழுந்து நின்று சிரித்தது.

காரில் வீடு திரும்பினார்கள். ரிப்பனோடு பின் ஸீட் முழுவதும் நாய் பரவியிருந்தது.

"உன்கூட ஏன் ஒழுங்கா நடக்குது?" என்று கேட்டார் ஹமூங்கா.

"மத்தியானம் நீங்க தூங்கும்போது நான்தானே கூட்டிட்டுப் போறேன். ஊருக்கே தெரியும்."

"அப்போ என்னை மட்டும் ஏன் இழுக்குது?"

"இழுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

ஹமூங்கா வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"நீங்க மெதுவா நடந்தா என்ன பிரயோஜனம்?" என்றாள் சோல்வே. "உங்க சட்டை நனைஞ்சு வந்தா அதுக்குக் கருவாடு. காஞ்ச சட்டையோட வந்தா வெறும் களி. அதுக்குப் புரிஞ்சுபோச்சு."

ஹமூங்கா இழந்த மானத்தில் மிச்சம் மீதியைப் பொறுக்கிக்கொண்டு சிரித்தார். "வாயில்லாத ஜீவன்தானே. கருவாட்டைக் காட்டினா யாரு சொன்னாலும் ஆடும். மனுஷனா இருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பான்."

"இருக்கலாம்" என்றாள் சோல்வே, ஜன்னல் பக்கம் திரும்பி. "உங்களுக்கு எந்தெந்த நாள்ல நாட்டுக்கோழி வெச்சேன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

ஹமூங்கா யோசித்தார். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் சட்டை முதுகைத் தொட்டுப் பார்த்தார். நன்றாகவே நனைந்திருந்தது.

"அப்போ இன்னிக்குக் கோழிதானே?" என்றார்.