இறக்க இறக்க ஏறிய காற்று

அன்று அந்த லாரியில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஸ்டியரிங்கில் நான். பக்கத்து சீட்டில், லாரியின் ஓனரும் என் மனைவியின் தம்பியுமான குமார். கூடவே வந்ததுபோல் இன்று கதை சொல்லும் சொந்தக்காரர்கள் ஒருவரும் அங்கே இல்லை.

கடலூர் முதுநகரில் உர மூட்டை ஏற்றினோம். பன்னிரண்டு மணிக்குள் சிதம்பரம் குடோனில் இறக்கினால், இனி தினமும் அந்த ட்ரிப் குமாருக்கு. கடன் வாங்கி எடுத்த லாரி. தவணை கட்ட அவனுக்கு வேறு வழியில்லை.

கிளம்புமுன் இரும்பு ராடால் டயர்களைத் தட்டிச் சத்தம் கேட்டான். "காத்து கரெக்டா இருக்கு மாமா. நீங்க கை வக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, ஏறித் தூங்கிப்போனான்.

தட்டிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. (கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவன் நான்.) சொந்தக் காசில் காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் வாங்கி வைத்திருந்தேன். கிளம்பும்போது நூற்றுப்பத்து பவுண்டு. ஆலப்பாக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் நூற்று இருபத்தைந்து! சூட்டில் காற்று விரியும் என்பது வரைக்கும் படித்துவிட்டு எட்டாம் வகுப்போடு நின்றவன். வெடித்துவிடும் என்று பயந்து, எல்லா டயரிலும் நூற்றுப்பத்துக்கு இறக்கினேன். புதுச்சத்திரத்தில் மறுபடி நூற்று இருபது. மறுபடி இறக்கினேன். காற்று குறைந்த டயர் பாரத்தில் நசுங்கி இன்னும் சூடாகும் என்பதை ஒன்பதாம் வகுப்பில் சொல்லித் தருவார்களோ என்னவோ.

பி.முட்லூர் தாண்டியதும் குண்டு போட்டதுபோல் சத்தம். பின்பக்க ஜோடியில் ஒன்று போய்விட்டது. நான் ஓரங்கட்டுவதற்குள், அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்த இன்னொன்றும் வெடித்தது. ஸ்டெப்னியோ ஒன்றுதான்.

குமார் இறங்கி டயரைப் பார்த்தான். பிறகு என் சட்டைப் பையிலிருந்த கேஜைப் பார்த்தான்.

"எவ்ளோ எறக்குனீங்க மாமா?"

"ஜாஸ்தி இல்ல மச்சான்... வெடிச்சிடுமோன்னுதான்..."

"வெடிக்கக் கூடாதுன்னு எறக்குனீங்க?"

"ஆமா."

"அக்காவ உங்களுக்குக் குடுக்குறப்பவே எங்கப்பா யோசிச்சிருக்கணும்."

நாங்கள் போய்ச் சேரும்போது மணி மூன்று. ட்ரிப்பை வேறு லாரிக்காரருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஆறு மாதத்தில் குமார் லாரியை விற்றான். இப்போது அடுத்தவர் வண்டியை ஓட்டுகிறான்.

வீட்டு விசேஷத்தில் யாராவது பலூன் ஊதினால் போதும். "மாமாகிட்ட காட்டாதீங்கடா, காத்த எறக்கிடுவாரு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், என் மனைவி கொஞ்சம் ஜாஸ்தியாகவே. நானும் சிரிப்பேன். அந்த இரண்டு டயருக்கான பணத்தை நான் தருவதாகச் சொல்லியிருந்தேன். அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்திருந்தால் பரவாயில்லை. இன்னும் முப்பத்தோராயிரம் ரூபாய் பாக்கி.