சத்தமில்லாத பெட்டி வேண்டும்

கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் இவ்வளவு விசாரித்ததில்லை. (இதை வீட்டில் உரக்கச் சொல்ல முடியாது.) யாரோ விளையாடிவிட்டு விற்கும் பழைய கேம் பெட்டி ஒன்றை வாங்குவதற்காகப் பித்துப் பிடித்தவன் மாதிரி அலைந்தேன். அந்த மாடலை வாங்கி நொந்துபோனவர்கள் இணையத்தில் எழுதிவைத்த புலம்பல்களை எல்லாம் படித்தேன். ஒருவர் வீட்டில் அது விமானம் கிளம்புவதுபோல இரைகிறதாம். இன்னொருவர் அதன் முதுகில் ஆம்லெட் போடலாம் என்கிறார். ஆகவே எனக்கு இரண்டே இரண்டு நிபந்தனைகள். சத்தம் போடக் கூடாது, சூடாகக் கூடாது. மனிதர்களிடமே கிடைக்காத இந்தக் குணங்களை ஒரு பிளாஸ்டிக் பெட்டியிடம் எதிர்பார்த்த என் அறிவை என்னவென்று சொல்ல.

புதிதாகவே வாங்கியிருக்கலாம். ஆனால் புதிது என்றால் சுகந்திக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பழசு என்றால், "ஆபீஸ் நண்பன் சும்மா கொடுத்தான்" என்று முடித்துக்கொள்ளலாம். சுகந்தி என் மனைவி. பொய்யை முகத்தைப் பார்க்காமலே கண்டுபிடிப்பவள்.

விற்றவன் உட்லண்ட்ஸில் இருந்தான். ரவின் என்று பெயர், இங்கேயே பிறந்து வளர்ந்த பையன். இந்த ஊரில் பழைய பொருள் கைமாறுவது பெரும்பாலும் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில்தான். பணத்தைக் கொடுத்து, பையை வாங்கி, ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். நான்தான் விவரமானவன் ஆயிற்றே, சத்தத்தைக் கேட்காமல் வாங்க மாட்டேன் என்று அவன் வீட்டுக்கே போனேன். தன் அறையில் பெட்டியை ஓடவிட்டான். நான் குனிந்து காதை அதன் பக்கத்தில் வைத்தேன். கையால் தொட்டும் பார்த்தேன். குளுகுளுவென்று இருந்தது.

"சத்தம் இருக்காண்ணே? இல்ல லா. கன்ஃபர்ம்," என்றான் ரவின்.

அந்த அறையில் ஏர்கான் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. ஏர்கானின் இரைச்சலில் எந்தப் பெட்டியின் சத்தமும் கேட்காது, அந்தக் குளிரில் எரிமலைகூடச் சூடாகாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. செங்காங்கில் உள்ள வீட்டுக்குத் திரும்பி, மின்விசிறி மட்டும் ஓடும் எங்கள் ஹாலில் அதை இயக்கியபோதுதான் உறைத்தது. கால் மணி நேரத்தில் பெட்டி இரைய ஆரம்பித்தது. டிவிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் வைத்து மூடினேன். சூடு தாங்கவில்லை என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டுத் தானே அணைந்துபோனது. கதவைத் திறந்துவைத்தால் சத்தம், மூடினால் சூடு. என் வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் கும்பகோணத்திலிருந்து சுகந்தியின் அம்மா வரப்போவதாகத் தகவல் வந்தது.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது காதல் கல்யாணம். அத்தைக்குப் பிடிக்கவில்லை. சாதி, ஜாதகம் என்று பலரும் பல காரணம் சொன்னார்கள். அத்தை சொன்ன காரணம் வேறு. பெண் கேட்கப் போன அன்று, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில், நான் சோபா ஓரத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். (பதற்றம் குறையும் என்று ஆடினேன். யாரும் நம்பவில்லை.) "பொண்ணு கேக்க வந்த இடத்துல விளையாடுறவன், வாழ்க்கைய என்ன செய்வான்?" என்றார் அத்தை. கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிடாமல் போனார். அதன் பிறகு மகளிடம் பேசுவது பண்டிகைக்குப் பண்டிகைதான். இப்போது ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் புது வீட்டுக்கு வருகிறேன் என்று அவராகவே சொல்லியிருந்தார். சுகந்தி அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை.

"அம்மா வர்றதுக்குள்ள அந்தப் பெட்டி இந்த வீட்ல இருக்கக் கூடாது. இது ஒண்ணுதான் உங்ககிட்ட கேக்குறேன்," என்றாள்.

நண்பனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். கொடுக்கவில்லை. விளையாட்டின் கடைசிக் கட்டத்தில் ஓர் அரக்கனைக் கொல்ல வேண்டியிருந்தது, அவன் சாகவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். வீடு முழுக்கச் சுற்றி ஒளித்துவைக்க இடம் தேடினேன். காற்றோட்டமான அலமாரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சாமி அலமாரி. சாம்பிராணிப் புகை போக வேண்டும் என்று தச்சர் கீழ்க் கதவில் பூவேலைத் துளைகள் போட்டிருந்தார். கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் நடுவில், பின்பக்கம் ஓர் இடைவெளியும் விட்டிருந்தார். டிவிக்குப் பக்கத்திலேயே இருந்ததால் வயரும் எட்டியது. கீழ்த்தட்டில் பெட்டியை வைத்து, முன்னால் எண்ணெய் டின்னை நிறுத்தினேன். உலகத்தில் இப்படி ஒரு யோசனை வேறு எவனுக்கும் வந்திருக்காது என்று அன்று பெருமைப்பட்டேன். அது இன்றுவரை உண்மைதான்.

கிருத்திகை அன்று காலை அத்தையும் சுகந்தியும் பூவும் வாழை இலையும் வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனார்கள். நான் அரக்கனிடம் போனேன். அவனுக்கு உயிர் நூலளவு இருக்கும்போது வாசலில் பேச்சுக் குரல். வாழை இலை சீக்கிரமே கிடைத்துவிட்டதாம். பெட்டியை அணைத்தால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். அதனால் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்து, டிவியை மட்டும் அணைத்தேன். பூஜை முடிந்ததும் வந்து கொல்லலாம் என்று திட்டம்.

குருக்கள் வந்தார். பக்கத்து வீட்டு மீனாட்சி அக்கா பாயசத்தோடு வந்தார். என்னையும் சுகந்தியையும் மணையில் உட்காரவைத்து, விரலில் தர்ப்பை மாட்டி, "ஆரத்தி முடியற வரைக்கும் எழுந்திருக்கப்படாது" என்றார் குருக்கள். மேல்தட்டில் இருந்த சின்னப் பித்தளை வேலுக்குப் பாலபிஷேகம் செய்து, துடைத்து, விபூதிக் காப்பு சாத்தினார். தட்டு நிறைய, மாவு மாதிரி மெல்லிய விபூதி.

அப்போதுதான் கேட்டது. முதலில் ஒரு முனகல். பிறகு இரைச்சல். நிறுத்திவைத்த ஆட்டமும் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்குமாம், பெட்டி சூடாகிக்கொண்டேதான் இருக்குமாம். (இதையும் இணையத்தில் எழுதியிருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.) மேலே விளக்கு, கற்பூரம். கீழே என் பெட்டி. குருக்கள் மந்திரத்தை நிறுத்தாமலே என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரூம் ஏர்கான் சர்வீஸ் பண்ணணும்," என்று முணுமுணுத்தேன். எழுந்திருக்கவும் முடியாது. வியர்வையில் தர்ப்பை ஊறியது.

இரைச்சல் உச்சத்துக்குப் போனது. பெட்டியின் பின்பக்கம் தள்ளிய காற்று அந்த இடைவெளி வழியாக மேலே ஏறியது. விளக்குச் சுடர் ஆடியது. வேலுக்குப் பின்னாலிருந்து விபூதி புகையாகக் கிளம்பி, முன்னால் வந்து, கைகூப்பி நின்ற அத்தையின் முகத்தில் படிந்தது.

குருக்கள் மணியை ஆட்டிக்கொண்டே இருந்தார், பாவம், அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. மீனாட்சி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தை அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்து சுகந்தியின் தலையில் கை வைத்தார்.

"இந்த வீட்ல முருகன் இருக்கான்டி. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்," என்றார்.

சுகந்தி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் எந்த வாயால் உண்மையைச் சொல்வேன்? எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, சட்டைக்குள் மறைத்த கன்ட்ரோலரின் நடுப் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பெட்டியை அணைத்தேன். அரக்கன் பிழைத்துக்கொண்டான்.

பெட்டியை வெளியே எடுக்க மட்டும் வழியே இல்லை. அத்தை அந்த அலமாரியின் எதிரிலேயே பாயை விரித்துப் படுத்தார். எண்ணெய் டின்னை எடுக்கக்கூட நான்தான் ஓடினேன். மருமகனின் பக்தியைப் பார்த்து அத்தை நெகிழ்ந்துபோனார். மீனாட்சி அக்கா விஷயத்தை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட, முன்பின் தெரியாதவர்கள் தேங்காய் பழத்தோடு வாசலில் நின்றார்கள். நான் கதவைத் திறந்துவிட்டு அசட்டுத்தனமாகச் சிரித்தேன். லிஃப்டில் ஒரு பெரியவர் என் காலைத் தொட வந்தார். செத்துவிடலாம் போல இருந்தது.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. அத்தை தினமும் மாலையில் விளக்கேற்றிவிட்டுக் காத்திருந்தார். விபூதி அசையவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று போகப் போக அவர் முகம் வாடியது. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய மாலை, சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

"பெத்த பொண்ணுகிட்ட வருஷக் கணக்கா வீம்பா இருந்தேன்ல. அந்த அழுக்கு எம் மனசுல இருக்கு. அதான் இனி எனக்குக் காட்ட மாட்டேங்குறான்," என்றார்.

சுகந்தி பக்கத்தில் உட்கார்ந்து ஏதேதோ சமாதானம் சொன்னாள். எதுவும் எடுபடவில்லை. என் அரக்கனுக்காக ஒரு வயதான அம்மா தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை. தைரியம் இல்லாதவனுக்கு வரும் யோசனை எனக்கும் வந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை விபூதி வந்துவிட்டால் போதும். கன்ட்ரோலரை மறுபடி சட்டைக்குள் மறைத்து எடுத்துவந்து அமுக்கினேன்.

நான் மறந்த விஷயம் ஒன்று உண்டு. பெட்டியை இயக்கினால் அது டிவியையும் சேர்த்து எழுப்பும்.

ஹால் அதிர இசை முழங்கியது. ஆட்டத்தின் முகப்புத் திரை முழுக்க, கையில் கோடரியோடு, பல்லைக் காட்டிக்கொண்டு அரக்கன். முருகனுக்காகக் காத்திருந்த அத்தையின் முன்னால் சூரபத்மன் வந்து நின்றான். விபூதி உள்ளே போய் அடைத்ததாலோ என்னவோ, சாமி அலமாரி எடுத்த எடுப்பிலேயே விமானம்போல இரைந்தது. விபூதியும் வந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. பிறகு உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். கருகிய வாடை. எல்லாம் அடங்கியது.

சுகந்தி என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்தாள். அத்தை மெதுவாக நகர்ந்து கீழ்க் கதவைத் திறந்தார். எண்ணெய் டின்னைத் தள்ளிவைத்தார். பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"சுடுதே," என்றார். பிறகு, "அன்னிக்கும் இதுதானா, மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துக் காலில் விழத் தயாரானேன். முந்தானை விலகியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப முருகனுக்கு எம் மேல கோவம் இல்ல," என்றார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் சொன்னார்: "பொண்ணு கேக்க வந்தப்ப கையில வெச்சிருந்தாரு. இப்ப சாமி அலமாரியிலயே வெச்சுட்டாரு. மாப்பிள்ளை வளந்துட்டாருடி. சாப்பாடு எடுத்து வை, பசிக்குது."

சுகந்தி என்னிடம் பல நாள் பேசவில்லை. அத்தையோ ஊருக்குப் போனதிலிருந்து எங்களோடு பேசாத வாரமில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீடியோவில் வந்து, முதல் கேள்வியாக, "மாப்பிள்ளை, இன்னிக்கு உங்க சாமிக்குச் சூடு எப்படி இருக்கு?" என்பார். பின்னால் கும்பகோணமே சிரிக்கும். சொந்தக்காரர்கள் யாருக்கும் இப்போது என் பெயர் தெரியாது. 'விபூதி மாப்பிள்ளை' என்றால்தான் தெரியும். மீனாட்சி அக்காவிடம் மட்டும் இன்னும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. அவர் பூவோடு வருகிறார், கும்பிடுகிறார், போகிறார்.

பெட்டியைத் தூக்கிப் போட அத்தை அனுமதிக்கவில்லை. அவரை மகளோடு சேர்த்துவைத்தது அதுதானாம். இன்னும் அதே கீழ்த்தட்டில், நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டோடு இருக்கிறது. எவ்வளவு நேரமானாலும் சூடாவதில்லை. ஒரு துளிச் சத்தம் இல்லை. உட்லண்ட்ஸுக்குப் போனபோது நான் கேட்டது சரியாக இப்படி ஒரு பெட்டியைத்தான்.