குளக்கரைப் பெரட்டு

"இந்த ஆளை எங்கேருந்து புடிச்சீங்க, விஜயகலா?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிருஷ்ணகுமாரி கேட்டபோது விஜயகலா கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றாள். தேநீர், மதிலோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த கிழவருக்குக் கொண்டுவந்தது. கிழவர் அவளைப் பெற்ற அப்பா.

"எந்த ஆளை?"

"இந்தக் கார்டனரைத்தான். உங்க மதிலோரம் சலூனுக்குப் போய் வந்த மாதிரி இருக்கே!"

'என் அப்பா' என்று இரண்டு சொல்லில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் இந்த ஊருக்குக் குடிவந்த புதிதில், முதல் தேநீர் விருந்திலேயே, "அப்பா கொழும்புல, வெள்ளவத்தையில இருக்கார், பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர்" என்று விஜயகலா சொல்லி வைத்திருந்தாள். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றிக் குந்தியிருக்கும் மனிதரை எந்த பேங்க்கில் உட்கார வைப்பது?

"நிவித்திகலப் பக்கம்," என்றாள். அது மட்டும் உண்மை.

புல் வெட்டும் கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு அழகமுத்து எழுந்து, எசமானியைக் கும்பிடுவது போலக் கிருஷ்ணகுமாரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஆமாங்க நோனா. புதுசா வந்திருக்கேங்க."

அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரத்தினபுரியிலிருந்து நிவித்திகலைக்குப் போகும் வழியில் உள்ளே திரும்பினால் லேக் கார்டன்ஸ். ஒரு காலத்தில் இறப்பர் தோட்டம். பிறகு மரத்தை வெட்டிவிட்டு மாணிக்கக்கல்லுக்காகக் குழி தோண்டினார்கள். கல் தீர்ந்ததும் மழை வந்து குழிகளை நிரப்பி ஒன்றாக்கியது. கல் விற்றுப் பணம் சேர்த்தவர்களும் அவர்களைப் பார்த்துப் பணம் சேர்த்தவர்களும் அந்தத் தண்ணீரைச் சுற்றி வீடு கட்டினார்கள். அதைக் குளம் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். லேக் என்றுதான் சொல்ல வேண்டும். குளம் என்றால் காணி விலை இறங்கிவிடும்.

லேக்கில் அன்னப்பறவை வடிவத்தில் இரண்டு படகுகள் மிதந்தன. ஏறியவர் கிடையாது. அடியில் எங்கே எவ்வளவு ஆழம் என்பது தோண்டியவர்களுக்கே தெரியாது. காலையில் எல்லோரும் விலையுயர்ந்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு கரையைச் சுற்றி நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார்கள். கேட்டால் அநேகமாக எல்லோரும் கொழும்பிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கண்டியிலிருந்து வந்ததாகச் சொல்பவர்கள் ஓரிருவர் உண்டு. கிருஷ்ணகுமாரி அதில் ஒருத்தி. பக்கத்து மலையிலிருந்து வந்ததாக ஒருவர்கூடச் சொன்னதில்லை.

அழகமுத்து அந்தப் பக்கத்து மலையிலிருந்துதான் வந்தார். அடைமழையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்தது. மண்சரிவு எச்சரிக்கை கொடுத்து எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். மருமகன் சுமன் காரில் போய், ஒரு பையும் ஒரு குடையுமாக அவரை ஏற்றி வந்தான்.

கிருஷ்ணகுமாரியிடம் சொன்ன பொய்யைக் கேட்டு, அன்று மாலை சுமன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"என்னா கலா இது? போயி உண்மையச் சொல்லிட்டு வா."

"இப்ப சொன்னா, காலையில ஏன் பொய் சொன்னேன்னு கேப்பாங்க. அப்புறம் வெள்ளவத்தை அப்பா யாருன்னு கேப்பாங்க."

"விடுங்க மாப்புள," என்றார் அழகமுத்து. "ஆயுசு பூரா மலையில இறப்பர் பால் வெட்டுனவன் நான். பங்களாத் தோட்டத்துல வேலைன்னா எனக்கு அது ப்ரமோஷன்தான்."

அவர் சிரித்தார். சுமனும் சிரித்துவிட்டான். விஜயகலாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்பாவை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, கார்டனர் லீவில் போய்விட்டார் என்று சொல்லிவிட்டாள். வேலியில்லாத ஓணான் போல அவர் ஒரு நாள் முழுக்க சோபாவில் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் விடியுமுன் எழுந்து, பழக்க தோஷம், வெளியே போய் முன்புறம் முழுக்கக் களை பிடுங்கிவிட்டார். நடக்கப் போன பாதி ஊர் அவரைப் பார்த்துவிட்டது.

"லீவுல போனாருன்னீங்க?" என்றாள் கிருஷ்ணகுமாரி.

"வந்துட்டாரு. வேலை மேல அவ்வளவு ஆசை."

"அப்படியா! அப்ப ரெண்டு நாளைக்கு எங்க வீட்டுக்கும் அனுப்புங்களேன்."

"ஐயோ, அவருக்கு உடம்பு முடியாது. வயசாச்சு."

"யாருக்கு முடியாது?" அழகமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மண்வெட்டியக் குடுங்க நோனா, காட்டுறேன்!"

இப்படியாக விஜயகலாவின் அப்பா பக்கத்து வீட்டிலும் கார்டனர் ஆனார். அங்கே அவருக்குப் பேச்சுத் துணையும் கிடைத்தது. கிருஷ்ணகுமாரி வீட்டுச் சமையல்காரி வெள்ளையம்மா, அவரை விட ஓரிரு வயது இளையவள், பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்வாசலில் உட்கார்ந்துகொள்வாள். அந்த வெள்ளையம்மாவுக்கு ஊரிலே தனிப் பெயர். மூட்டுவலி என்றால் கிருஷ்ணகுமாரி தன் காரில், அதுவும் முன் சீட்டில், உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள். ஒரு சமையல்காரிக்கு இப்படிச் செய்கிறாளே என்று ஊரே அவள் குணத்தை மெச்சும்.

"நல்ல மனுஷி," என்று பின்வாசல் வழியாக வந்த அழகமுத்து மகளிடம் சொன்னார். "நம்மளுக்குப் பக்கத்துத் தோட்டந்தானாம். பொய் மட்டும் வராது அதுக்கு. உப்புக் கூடிப்போச்சான்னு கேட்டா, ஆமா கூடிப்போச்சுன்னு ஒடனே சொல்லிரும்."

"அப்பா, நீங்க முன்வாசல் வழியா வாங்கப்பா. இருட்டிருச்சு, யாரும் பாக்க மாட்டாங்க."

"பரவாயில்லைங்க நோனா."

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். வெளியே சொல்லிச் சொல்லி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. விஜயகலா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இதற்கு மேல் ஒன்றும் கெடாது என்று நினைத்தபோதுதான் குடை வந்து கெடுத்தது.

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் முக்தார், கல் வியாபாரி, நல்ல மழையில் ஜீப்பில் வந்துகொண்டிருந்தார். எதிரே குடையோடு வந்த அழகமுத்து, ஜீப்பைக் கண்டதும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்து, வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்று, நனைந்துகொண்டே தலை குனிந்தார். தோட்டத்தில் துரையின் வாகனத்துக்கு முன்னால் அப்படித்தான் நிற்பார்கள். இப்போது தோட்டத்திலேயே யாரும் நிற்பதில்லை. அவருக்குக் கை தானாக மடக்கிவிட்டது.

முக்தார் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். அன்று மாலையே விஜயகலா வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இப்பிடி மரியாத தெரிஞ்ச மனிசன் இந்தக் காலத்தில எங்க ஈக்கிறாரு? நம்மட ஊரப் பத்தி வீடியோ எடுக்க ஆள் வருதுல்ல? அதில இவரப் போடுவம். பழைய தோட்டக்காரன் வேசத்தில!"

விஷயம் இதுதான். ரிப்கான் என்ற இளைஞர் நாட்டின் அழகான சிற்றூர்களைப் படம் பிடித்து இணையத்தில் போடுபவர். அடுத்த வாரம் லேக் கார்டன்ஸுக்கு வருகிறார். வீடுகள், லேக், அன்னப்படகு எல்லாம் இருக்கின்றன. வரலாறு மட்டும் இல்லை. கிளப் கட்டிடத்தின் முன்னால் பழைய தோட்டத்துத் தண்டவாளத் துண்டு ஒன்றைப் பளபளவென்று பெயின்ட் அடித்து அலங்காரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் விடியற்காலை அதை அடித்தால் தொழிலாளிகள் பெரட்டுக்களத்தில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். அன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று அங்கேதான் பிரித்துக் கொடுப்பார்கள். அதை அழகமுத்து அடிக்க வேண்டும். அதுதான் வரலாறு.

"வேசம் என்னாங்க வேசம்," என்றார் அழகமுத்து. "இருக்குற துணியிலயே வர்றேன்."

அன்று இரவு விஜயகலா சுமனிடம் சொன்னாள்: "என்கிட்டயும் பேட்டி எடுப்பாங்க. அப்ப சொல்லிடப் போறேன். எல்லார் முன்னாலயும் எங்கப்பான்னு சொல்லிடப் போறேன். இதோட அப்பா நம்ம கூடவே இருக்கட்டும், முன்வாசல் வழியா வரட்டும்."

"சொல்லிடுவியா?"

"செத்தாலும் சொல்லிடுவேன்."

படம் பிடிக்கும் நாளில் மழை விட்டிருந்தது. ஊர் முழுக்கக் கிளப் முன்னால் கூடியது. பட்டுப் புடைவைகள், கறுப்புக் கண்ணாடிகள். கிருஷ்ணகுமாரி சங்கச் செயலாளர் என்பதால் இரண்டையும் சேர்த்தே போட்டிருந்தாள்.

"ஐயா, மெதுவா ஒரு மூணு தடவ அடிங்க," என்றார் ரிப்கான்.

மெதுவாகப் பெரட்டுக்கு அடித்த கதை உலகத்தில் உண்டா? அழகமுத்து தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு, இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து அடித்தார். சத்தம் தண்ணீர் மேல் ஓடி எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தது. நாய்கள் குரைத்தன. முக்தார் காதைப் பொத்திக்கொண்டார்.

கிருஷ்ணகுமாரி வீட்டுப் பின்கதவு திறந்தது. வெள்ளையம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூட்டுவலியையும் மறந்து, ஓட்டமும் நடையுமாக வந்தாள். வந்து அழகமுத்துவுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றாள். வளைவில் இருக்கும் வீட்டின் வாட்சர் கிழவரும் வாளியை அப்படியே போட்டுவிட்டு வந்து அவளுக்கு அடுத்து நின்றார். நின்ற பிறகுதான் மூவரும் சுற்றிலும் பார்த்து, தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று விழித்தார்கள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"சூப்பர்! இத யாரு ஏற்பாடு பண்ணின?" என்று கமராவோடு ஓடினார் ரிப்கான். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க பாப்பம். ஐயா, நீங்க யாரு? எந்த வீடு?"

மைக் அழகமுத்துவின் முகத்துக்கு நேரே வந்தது. வரிசையில் அவர் நின்ற நிற்பைப் பார்த்த விஜயகலாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. சின்ன வயதில் அவரைத் தேடிப் பெரட்டுக்களத்துக்கு ஓடியபோதும் அவர் இப்படியேதான் நின்றார். அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இவர் எங்கப்பா."

குரல் பெரிதாக இல்லை. மைக்குக்குப் போதுமானதாக இருந்தது. சிரிப்பு நின்றது.

"இவர்தான் எங்கப்பா," என்று இன்னொரு முறை சொன்னாள். "வெள்ளவத்தையில யாரும் இல்லை."

அழகமுத்து தலைத்துண்டை அவிழ்த்தார். மகளைப் பார்த்தார். முகம் மலர்ந்து ஏதோ சொல்ல வாய் திறந்தார். அப்போது பக்கத்தில் நின்ற வெள்ளையம்மா மைக்கையும் கிருஷ்ணகுமாரியையும் மாறி மாறிப் பார்த்ததைக் கண்டாரோ என்னவோ, திறந்த வாயை மூடினார். மறுபடி திறந்தபோது வேறு பேச்சு வந்தது.

"நோனாவுக்குப் பெரிய மனசுங்க தம்பி. வேலைக்காரனைக்கூட அப்பான்னுதான் கூப்புடுவாங்க. அவங்க அப்பா பேங்க்ல இருந்த பெரிய மனுஷருங்க. நான் அவங்க வீட்டுத் தோட்டக்காரன்."

முதலில் கைதட்டியது கிருஷ்ணகுமாரி. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் ஓடியது. பிறகு ஊரே தட்டியது.

"மாஷா அல்லாஹ்! இதுதான் நம்மட ஊரு!" என்று முக்தார் விஜயகலாவின் கணவனைக் கட்டிப் பிடித்தார். "இதோட முடிச்சிருங்க ரிப்கான், இதுக்கு மேல ஒண்டும் தேவல்ல!"

"ஐயோ, உண்மையாத்தாங்க சொல்றேன்!" என்று விஜயகலா கத்தினாள். கைதட்டல் இன்னும் பலத்தது.

வீடியோவை நாடே பார்த்தது. வேலைக்காரரை அப்பா என்று அழைத்த உத்தமி என்று முகம் தெரியாதவர்களெல்லாம் வாழ்த்தினார்கள். இனி அவள் யாரிடம் போய், எதைச் சொல்லி, யார் நம்புவார்கள்? பொய் சொன்னபோது நம்பிய ஊர், உண்மை சொன்னபோது கைதட்டிவிட்டது.

மண்சரிவு எச்சரிக்கையை நீக்கியதும் அழகமுத்து பையையும் குடையையும் எடுத்துக்கொண்டார்.

"இருங்கப்பா. கெஞ்சிக் கேக்குறேன்."

"நாடே பாத்துருச்சு புள்ள. இனிமே நான் இங்க இருந்தா தோட்டக்காரனாத்தான் இருக்கணும். ஒனக்குத் தெனமும் நோவும்."

"நான்தான் சொல்லிட்டேனே. நீங்க ஏம்ப்பா இல்லைன்னீங்க?"

"நீ சொன்ன. நான் கேட்டேன். எனக்கு அது போதும் தாயி." பையைத் தோளில் மாட்டினார். "இல்லைன்னது வேற சங்கதி."

பஸ் வரும்வரை, மழைத் தூறலில், அவள் தரிப்பிடத்தில் அவர் குடைக்குள் கூடவே நின்றாள். முக்தாரின் ஜீப் வந்தது. அழகமுத்து குடையை மடக்கினார். ஜீப் போன பிறகும் விரிக்கவில்லை, பஸ் வந்துவிட்டது. ஏறும்போது, நடத்துனர் காதில் விழும்படி, "நனையாமப் போங்க நோனா," என்றார்.

விஜயகலா நனைந்துகொண்டே வந்து, முன்வாசல் வழியாகப் போகப் பிடிக்காமல், பின்பக்கமாகச் சுற்றிப் போனாள். வேலியோரம் வெள்ளையம்மா பிளேன்டீயும் கருப்பட்டியுமாக நின்றாள்.

"போயிட்டாராங்க?"

தலையை மட்டும் ஆட்டினாள் விஜயகலா. அழுகை அதற்குள் வந்துவிட்டது.

வெள்ளையம்மா அக்கம்பக்கம் பார்த்தாள். வேலி மேல் கை நீட்டி, அவள் கன்னத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"அப்பா மேல வருத்தப்படாதீங்கம்மா. அவரு ஆமான்னு சொல்லியிருந்தா அந்த மைக்கு அடுத்து எங்கிட்டதானே வந்திருக்கும்? எனக்குப் பொய் சொல்ல வராதே... அத்தன பேரு முன்னால எம் மக கிருஷ்ணகுமாரி என்னா ஆகியிருப்பா?"