நக்கோ சார் 'ஹவ்' சொன்ன ஆயுத பூஜை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். நான் அதிகம் படித்தவனில்லை. பேக்கிங் செக்‌ஷனில் பாட்டில் மூடி ஒழுகுகிறதா என்று பார்த்தே காலம் ஓடிவிட்டது. அதைவிடப் பெரிய தடங்கல் ஒன்று உண்டு. "உங்களைப் பற்றி எழுதட்டுமா?" என்று சம்பந்தப்பட்டவரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். "நக்கோ." அதனால் முருகன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, கேட்காமலே எழுதுகிறேன்.

பூச்சிமருந்துக் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, மருந்து அடிக்காதே என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்ன மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர்தான் எங்கள் நக்கோ சார்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. இந்த ஊர்ப் பேச்சில் நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம். சாருக்கு முதல் வார்த்தை மட்டும்தான் பழக்கம். காப்பி? நக்கோ. ஃபேன் போடட்டுமா? நக்கோ. பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜித் தட்டைப் பார்த்து அவர் நக்கோ சொல்ல, உள்ளே பெண் அழ ஆரம்பித்துவிட்டாளாம். அவளைத்தான் கட்டிக்கொண்டார், அது வேறு விஷயம்.

செகந்திராபாத்துக்குப் பக்கத்தில் ஜீடிமெட்லாவில் தகர ஷெட் போட்ட சின்னக் கம்பெனி எங்களுடையது. சார் விவசாயம் படித்த ஃபீல்டு ஆபீசர். கிராமத்துக்குப் போய் மருந்து விற்பது அவர் வேலை. அவரோ மிளகாய்த் தோட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இப்ப நக்கோ. பொறிவண்டு வந்திருக்கு, அசுவினிப் பூச்சியை அதுவே தின்னுடும்" என்பார். பொறிவண்டு இல்லாத தோட்டமென்றால், இருக்கிற தோட்டத்திலிருந்து பிடித்துக்கொண்டு போய் விடுவார். அதற்கென்றே ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா, மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "என்ன சார் சாப்பாடு, வாசனையே வரலையே?" என்று யாராவது கேட்டால், "உயிரோட இருக்கு" என்பார். பக்கத்து சீட் காலியாகிவிடும்.

முதலாளி தெலுங்குக்காரர். தங்கமான மனுஷர்தான். ஆனாலும் விற்காத ஆளை எத்தனை நாள் பொறுப்பார்? அந்த வருஷம் அடித்த மாத்திரத்தில் எல்லாப் பூச்சியும் விழுகிற மாதிரி ஒரு புது மருந்து தயாரானது. ஆயுத பூஜைக்கு விவசாயிகளைக் கூப்பிட்டு, அன்றைக்கே விற்பனையைத் தொடங்குவதாக ஏற்பாடு. முதல் நாள் சாரை அழைத்து, நாளைக்கு விவசாயிகள் முன்னால் நக்கோ என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்தால் அதோடு உங்கள் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார். நான் பூஜைச் சாமான் லிஸ்டோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

வெளியே வந்ததும் சொன்னேன். "சார், நாளைக்கு ஒரு நாள் அந்த வார்த்தையை முழுங்கிடுங்க. உங்க பொண்ணு காலேஜ்ல படிக்குது."

"கைக்கு பயப்படுறே? என் வாயில அது வராது, போ." இந்த ஊரில் கைக்கு என்றால் ஏன்.

வராமல் இருந்தால் தேங்காய் உடைக்கிறேன் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மிக்ஸிங் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டாயிற்று. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். நைவேத்தியம் எல்லார் வீட்டிலிருந்தும் வரும். டப்பாக்களை மிஷின் முன்னால் வரிசையாக வைப்போம். முதலாளியம்மா தன் கையால் ஒவ்வொன்றாகத் திறப்பார். புளியோதரை, சுண்டல், பூர்ணம் என்று திறந்துகொண்டே வந்தார். அடுத்த டப்பாவின் மூடியில் ஓட்டைகள்.

நேராகப் பஸ்ஸிலிருந்து வந்த சார், வெயில் படாத இடமென்று டப்பாவை அங்கே வைத்துவிட்டுக் கால் கழுவப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்க்கிறார், அம்மாவின் கை மூடிமேல் இருக்கிறது. அதைத் தடுக்கத் தோதாக அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. சத்தம் வரவில்லை.

டப்பா திறந்தது.

சிவப்புச் சிவப்பாகப் பொறிவண்டுகள் பறந்தன. மாலைமேல் சில, ஐயர் வழுக்கையில் சில, முதலாளியின் வெள்ளைச் சட்டையில் சில. புது மருந்து பாட்டில் மூடியில் ஒன்று போய் ஜம்மென்று உட்கார்ந்தது. மந்திரம் நின்றுபோயிற்று.

விவசாயிகளில் மேதக் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அந்தப் பாட்டிலை எடுத்துப் பார்த்தார். இதை அடித்தால் இந்தச் சிவப்பு வண்டும் சாகுமா என்று சாரைக் கேட்டார். முதலாளி சாரையே பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஹவ்," என்றார் நக்கோ சார்.

கொடுத்த வாக்கையும் காப்பாற்றிவிட்டார், வியாபாரத்தையும் படுக்கப் போட்டுவிட்டார். பெரியவர் பாட்டிலைப் பூப்போலத் திரும்ப வைத்தார். இந்த வண்டு சாகாத மருந்தாகச் செய்யுங்கள், செய்து பார்க்க என் நிலத்தைத் தருகிறேன் என்றார். முதலாளியின் முகம் குங்குமத்துக்குப் போட்டியாக இருந்தது. அப்போது அம்மா, தன் வளையல்மேல் ஊர்ந்த வண்டைப் பார்த்துக்கொண்டே முதலாளியிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஏவண்டி, பூஜைக்கு வந்ததை விரட்டக் கூடாது. இவரையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

முதலாளி சட்டையில் இருந்த வண்டைத் தட்டிவிடாமல் விரலில் ஏற்றிக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது.

அதன்பிறகு எங்கள் கெமிஸ்டுகள் வேப்பங்கொட்டையோடு மல்லுக்கட்டினார்கள். முதல் சரக்கில் பெரியவரின் செடியெல்லாம் கருகிப்போனது. அவர் திட்டிவிட்டு அடுத்த பாத்தியைக் காட்டினார். கடைசியில் அவர் தோட்டத்திலேயே மருந்து சரியாக அமைந்தது. அசுவினி போனது, பொறிவண்டு இருந்தது. ஊரெல்லாம் சாஃப்ட்வேர்க் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிய அந்த வருஷங்களில் எங்கள் தகர ஷெட்டும் மாடிக் கட்டடமானது. சாருக்குத் தனி அறை கொடுத்து, விவசாயிகள் கூப்பிட ஒரு போனும் வைத்தார்கள். போகிறபோதெல்லாம் கதவுக்கு வெளியே நக்கோ நக்கோ என்றுதான் கேட்கும். வேண்டாத நேரத்தில் வேண்டாம் என்கிற கம்பெனி என்று, வேண்டிய நேரத்தில் எங்களிடமே வந்தார்கள். எல்லாம் தெய்வச் செயல் என்பேன் நான்.

இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். கிருத்திகைக்குக் கிருத்திகை முருகன் கோயிலில் பார்ப்போம். அப்படியே எங்கள் வீட்டுக்கு நடந்து வருவார். காப்பி சாப்பிடுகிறீர்களா என்று என் மனைவி கேட்பாள். நக்கோ என்பார்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவர் நக்கோ என்று சொன்னதைச் சொல்லும்போது, சொல்லிக்கொண்டே டம்ளருக்குக் கை நீட்டுவாரே, அதையும் விட்டுவிடாதீர்கள்.