கழுவியதும் நின்றுபோன ஹைட்ரஜன்

நாகோயா,
டிசம்பர் கடைசி வாரம்

மதிப்பிற்குரிய ததேபே மாமா அவர்களுக்கு,

மருமகன் இவாசே தலைதாழ்த்தி எழுதுவது. இங்கே குளிர் மட்டும்தான், பனி இல்லை. நாகாஓகாவில் கூரைப் பனியைத் தள்ளுகிறேன் என்று நீங்கள் மறுபடி ஏணி ஏறவில்லை என்று நம்புகிறேன். உங்கள் மகள் சயோகோ நலம். நானும் நலம் என்று எழுத வேண்டிய இடம் இது. அது கடைசியில் தெரியும்.

புத்தாண்டுக்கு நாங்கள் வரும்போது தெருச் சங்க மண்டபத்தில் எனக்குப் பாராட்டுக் கூட்டம், என் உரை, பிறகு விசேஷத்துக்குச் சுடும் முழுச் சிவப்பு மீன் என்று ஏற்பாடு செய்திருக்கிறீர்களாம். தயவுசெய்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

ஆகஸ்டில் நான் அங்கே வந்து என் ஹைட்ரஜன் கண்டுபிடிப்பைச் சொன்னபோது, வாழ்நாள் முழுதும் சமையல் வாயு விற்றவர் என்ற முறையில், "எத்தனை சிலிண்டர் தேறும் மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். தேறியது ஒரு தைலக் குப்பிகூட நிறையாது என்பதால் நான் தத்துவம் பேசினேன். தண்ணீரில் ஒரு வெள்ளைத் தூளைப் போட்டு வெளிச்சம் காட்டினால் ஹைட்ரஜன் வரும். ஆனால் தூளின்மேல் பிளாட்டினத் துணுக்குகளை ஒட்டினால்தான் உருப்படியாக வரும், பிளாட்டினமோ மோதிரக் கடைச் சரக்கு. நானோ தூளைச் சூடாக்கி, அதன் மேற்பரப்பில் அணுக்கள் விட்டுப்போன குறைகளை வேண்டுமென்றே உண்டாக்கி, பிளாட்டினமே இல்லாமல் ஹைட்ரஜன் எடுத்துவிட்டேன். "குறை இருந்தா போதும் மாமா, மீதியை வெளிச்சம் பாத்துக்கும்" என்று சாக்கே மதுக் கோப்பையோடு முழங்கினேன். "அப்ப நீ கவலைப்படாதே, குறைக்கு உங்கிட்ட பஞ்சமே இல்லை" என்றீர்கள். அதை நான் ஆசியாக எடுத்துக்கொண்டேன்.

மார்ச்சில் என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தர வேலையா, மூட்டை முடிச்சா என்பதை இந்த ஒரு கண்டுபிடிப்பைக் கேட்டுத்தான் தேர்வுக் குழு தீர்மானிக்கும். குழுத் தலைவர் கீழ்மாடி ஆய்வகத்துப் பேராசிரியர் ஒனோதேரா. பிளாட்டினமே இல்லாமல் ஹைட்ரஜன் எடுக்கலாம் என்று இந்தத் துறையில் முதலில் சொல்லிப் புகழ்பெற்றவர்.

இந்த நிலையில் ஆண்டுக் கடைசிப் பெருந்துப்புரவு வந்தது. மற்றவர்கள் ஜன்னல் துடைத்தார்கள். சாதனையாளனுக்கு ஜன்னல் போதுமா? கண்ணாடிக் குவளைக்குள் சுழன்று தண்ணீரைக் கலக்கும் சின்னக் காந்தக் கலக்கியை எடுத்து, அதன் வெள்ளை உறையில் பழைய கீறல்கள் சாம்பல் நிறமாக இருப்பதைச் சகிக்காமல், தங்கத்தையும் கரைக்கும் ராஜ திராவகத்தில் ஊறவைத்துப் பல்லைப்போல் வெளுத்து எடுத்தேன். மறுநாள் அதே தூள், அதே தண்ணீர், அதே விளக்கு. (வெளியே வெயில் இருக்க, நாங்கள் விளக்கு வைத்துத்தான் சூரிய ஆராய்ச்சி செய்கிறோம், அதைக் கூட்டத்தில் சொல்வதாக இருக்கவில்லை.) ஹைட்ரஜன் இல்லை. விளக்கை மாற்றினேன், குழாயை மாற்றினேன், தூளைத் திட்டினேன். பக்கத்து மேசை தோனோ அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், உங்க தூளும் லீவு போட்டுடுச்சா?"

"ஒண்ணுமே மாத்தலைங்க. கலக்கியை மட்டும் கழுவினேன்."

"அது என் மேசையில எனக்கு முன்னாடி இருந்தவர் வருஷக்கணக்கா பிளாட்டினக் கரைசல்ல சுத்தவிட்ட கலக்கியாச்சே! அதையா கழுவினீங்க?"

உடனே கீழே ஓடினேன். எல்லாரும் வீட்டு ஜன்னல் துடைக்கப் போயிருந்த கீழ்மாடி ஆய்வகத்திலிருந்து ஓர் அழுக்குக் கலக்கியை இரவல் வாங்கி, கடையில் வாங்கிய குறையில்லாத தூளோடு சுழலவிட்டேன். ஹைட்ரஜன் பொங்கியது மாமா! என் தூள் அதன் நல்ல நாளில்கூட அப்படிப் பொங்கியதில்லை. ஆக, குறைகள் வேலை செய்தன என்று நான் சொன்னது பொய்யில்லை. அவை கலக்கியின் குறைகள். அந்தக் கீறல்களில் தங்கியிருந்த பிளாட்டினம் வேலை செய்தது, நான் பேர் வாங்கினேன்.

நாளையே ஒனோதேரா ஐயாவிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். வேலை போகும். "போனா போகட்டும், பொய் சொல்லி வாங்கின வேலையில பென்ஷன் வரைக்கும் உக்கார முடியுமா?" என்கிறாள் உங்கள் மகள். நீங்கள் வளர்த்த விதம். மண்டப வாசலில் என் பேர் எழுதிக் கட்டியிருக்கும் வாழ்த்துத் துணியையும் தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள்.

வரும் ஆண்டில் உங்கள் முதுகு நிமிர்ந்தும் என் தலை கொஞ்சமாவது நிமிர்ந்தும் இருக்க வேண்டுகிறேன். அத்தைக்கு என் வணக்கம்.

பணிவுடன்,
இவாசே

பி.கு.: கடித உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. ஒனோதேரா ஐயாவிடம் இன்று சொல்லிவிட்டேன். "கடைசியா சுழலவிட்ட அழுக்குக் கலக்கி யாரோடது?" என்று கேட்டார். "உங்க ஆய்வகத்தோடதுதான் ஐயா" என்றேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வேற யாருக்குத் தெரியும்?" "தோனோ அம்மாவுக்கு மட்டும்." "நல்லது. அவசரமே இல்லை." மாலையில் கடிதம் வந்தது: தேர்வுக் குழு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு, அதுவரை என் ஒப்பந்தமும் தோனோ அம்மாவின் ஒப்பந்தமும் நீட்டிப்பு. சயோகோவிடம் இன்னும் சொல்லவில்லை. மேலே எழுதியதை எழுதாததாகக் கொள்ளவும். துணி அப்படியே இருக்கட்டும், மீனுக்குச் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் விவரமாகக் கேள்வி கேட்கக்கூடியவர் எவராவது இருந்தால், மீன் தலையை என் உரைக்கு முன்பே அவருக்கு வைத்துவிடுங்கள். அவர் முள் எடுத்து முடிப்பதற்குள் நான் பேசி முடித்துவிடுவேன்.